தாடைக்குக் கீழே வீக்கம்: உமிழ்நீர்ச் சுரப்பி அடைப்பும் அழற்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் நிற்கிறவன் நான். கன்னத்தையோ தாடையையோ பிடித்துக்கொண்டு வந்து, "இதுக்கு ஒரு மருந்து குடுங்க" என்று கேட்பவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். டொக்டர்மாரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டொக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது. எப்போது போகவேண்டும், போனால் என்ன சொல்லவேண்டும் என்பதற்கு உதவும்.

எச்சில் சுரப்பி எங்கங்க இருக்கு? நாக்குக்குக் கீழ ஊறுறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.

பெரிய சுரப்பிகள் மூன்று சோடி. காதுக்கு முன்னால் கன்னத்தில் படர்ந்து கிடப்பது ஒரு சோடி. தாடை எலும்புக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு சோடி. நாக்குக்கு அடியில் ஒரு சோடி. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் என்று நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லீட்டரிலிருந்து ஒன்றரை லீட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றன.

கன்னச் சுரப்பியின் குழாய், மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. நாக்கால் தடவினால் சின்ன மேடாகத் தட்டுப்படும். தாடையடிச் சுரப்பியின் குழாய் முன்பக்கம் ஓடிவந்து, நாக்கைத் தூக்கினால் நடுவில் தெரிகிற மடிப்பின் பக்கத்தில் திறக்கிறது. கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிக்கொண்டு ஊறுகாயை நினைத்துப் பாருங்கள், சிலருக்கு அங்கே நீர் கசிவது கண்ணுக்கே தெரியும். இந்த இரண்டு வாய்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

சாப்பிட உக்காந்தா மட்டும் தாடைக்குக் கீழ வீங்குது. அப்புறம் தானா இறங்கிருது. இது என்னா?

பெரும்பாலும் குழாயில் கல் அடைத்திருக்கிறது. சாப்பாட்டைக் கண்டதும் சுரப்பி வேலை செய்யத் தொடங்குகிறது. வெளியேற வழியில்லாமல், பீலியில் இலை அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்குவதைப் போல, உமிழ்நீர் உள்ளே தேங்குகிறது. சுரப்பி உப்பி, இறுகி, வலிக்கிறது. சாப்பாடு முடிந்து ஓரிரு மணி நேரத்தில் தேங்கியது கல்லைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போக, வீக்கம் வடிந்துவிடுகிறது.

அதனால்தான் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது "எப்ப வீங்குது?" என்பதை. எவ்வளவு பெரிய வீக்கம் என்பதைவிட எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டொக்டரிடம் போகும்போது வீக்கம் வடிந்திருக்கலாம், அவர் கைக்கு ஒன்றும் தட்டுப்படாமலும் போகலாம். வீங்கியிருக்கும்போது ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "சோறு சாப்பிடும்போது வருது, இத்தனை மணிக்கு இறங்குது" என்று சொல்லிப் பாருங்கள். பாதி நோயைக் கண்டுபிடித்த மாதிரிதான்.

எச்சில்ல எப்படிங்க கல்லு வரும்? சோத்துல கெடந்த கல்லா? வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பா?

இரண்டும் இல்லை. உமிழ்நீரிலேயே கல்சியமும் பொஸ்பேற்றும் கரைந்திருக்கின்றன. நீரோட்டம் மந்தமாகி, உமிழ்நீர் கெட்டியாகும்போது அவை ஒரு சின்னத் துணுக்கைச் சுற்றிப் படிந்து, வருடக்கணக்கில் மெல்ல வளர்கின்றன. கற்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது தாடையடிச் சுரப்பியில்தான் வரும். அதன் குழாய் நீளமானது, கீழிருந்து மேல்நோக்கி ஓடுவது. அங்கே சுரக்கும் நீரும் கொஞ்சம் பிசுபிசுப்பானது, கல்சியம் கூடியது.

இரத்தத்தில் கல்சியம் கூடிவிட்டது என்று பாலையும் நெத்தலியையும் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. இந்தக் கல் உள்ள பெரும்பாலானோருக்கு இரத்தக் கல்சியம் சரியாகத்தான் இருக்கும். வெற்றிலை, பாக்கு, புகையிலையை விடச் சொல்வதற்கு வேறு பெரிய காரணம் உண்டு. இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அதுவும் தாடைக்குக் கீழே கட்டியாகத் தலைகாட்டலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இது பொன்னுக்கு வீங்கி இல்லையா? தங்கச் சங்கிலி போட்டா இறங்கிரும்னு அம்மாயி சொல்றாங்க.

பொன்னுக்கு வீங்கி, அதாவது கூகைக்கட்டு, வைரஸால் வருவது. காய்ச்சல், உடம்பு வலி வரும். காதுக்கு முன்னால் ஒரு பக்கம் வீங்கி, பெரும்பாலும் சில நாட்களில் மறுபக்கமும் வீங்கும், காது மடல் மேலே தூக்கி நிற்கும். சாப்பிட்டு முடிந்ததும் வடிகிற வீக்கம் அல்ல இது. ஒரு வாரம் பத்து நாள் அப்படியே நின்று தானாகப் போகும். சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் அதே பத்து நாள்தான். பாட்டி மனம் நோகவேண்டாம் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை.

தேசிய தடுப்பூசித் திட்டத்தில் 2011 முதல், கூகைக்கட்டையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி இருக்கிறது, இப்போது 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் இரண்டும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால், வீக்கம் தொடங்கி 5 நாள் வரை பாடசாலைக்கு அனுப்பவேண்டாம். வயதுக்கு வந்த ஆண்களுக்கு விதை வீங்கி வலித்தாலோ, யாருக்காவது கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, காது கேளாமை வந்தாலோ உடனே காட்டவேண்டும்.

ஒரு வயது வந்தவருக்கு, ஒரே பக்கம், மாதத்துக்கு ஒரு முறை "பொன்னுக்கு வீங்கி" வருகிறது என்றால் அது அதுவல்ல. முந்தின பதில்களைப் படியுங்கள்.

நம்ம ஊரு குளிர்ல தாகமே எடுக்காது. தண்ணி குடிக்காததால வருமா?

தண்ணீர் குறைந்தால் மட்டும் கல் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் உடம்பில் நீர் குறைந்தால் உமிழ்நீர் குறையும், கெட்டியாகும், கிருமி குழாய் வழியே மேலேறுவதும் சுலபமாகும். ஏற்கெனவே கல்லோ குழாய்ச் சுருக்கமோ உள்ளவருக்கு இது நேராகவே தொல்லை தரும்.

கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்களிடம் "தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குடிக்காமல் இருப்பது தாகம் எடுக்காததால் மட்டுமல்ல. கொழுந்து மலையில் பக்கத்தில் கழிப்பறை கிடையாது. காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு ஏறி, பகல் நிறுவைக்கு இறங்கும்வரை வாயை நனைக்காமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். இது தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேசவேண்டிய விஷயம், பாமசிக்காரன் தீர்த்துவைக்கக் கூடியதல்ல. நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒரு கிளாஸ், பகல் சாப்பாட்டோடு இரண்டு, திரும்பி வந்ததும் இரண்டு. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் இன்னும் போதவில்லை என்று அர்த்தம்.

பிளேன்டீயும் கணக்கில் சேரும், தேயிலை உடம்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பது வெறும் பேச்சு. சீனியைத்தான் குறைக்கவேண்டும். சிறுநீரக நோய், இதய நோய் என்று தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவை விட்டுக் கூட்டவேண்டாம்.

தேசிக்காய் சப்புனா கல்லு வந்துரும்னு சொல்றாங்களே, மெய்யா?

சின்னக் கல்லாக இருந்தால், வாய்க்குப் பக்கத்தில் இருந்தால், வரலாம். புளிப்பு உமிழ்நீரை ஊறவைக்கிறது, அந்த ஓட்டம் கல்லைத் தள்ளுகிறது. டொக்டர்மாரும் இதைச் சொல்வதுண்டு. தேசிக்காய்த் துண்டு, விளிம்பிக்காய், புளிப்பு டொபி எதுவானாலும் சரி. பிறகு வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் பல் கூசும்.

புளிப்போடு தடவலும் சேரவேண்டும். முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். பிறகு தாடையின் பின்மூலையில், எலும்புக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, அழுத்தமாக ஆனால் வலிக்காமல், நாடியை (முகவாயை) நோக்கி முன்னால் தள்ளிக்கொண்டு வாருங்கள். கன்னச் சுரப்பி என்றால் காதுக்கு முன்னாலிருந்து வாய் மூலையை நோக்கி. எப்போதும் பின்னாலிருந்து முன்னால்தான். குழாயின் வாய் முன்னால்தானே இருக்கிறது! வட்டமாகத் தேய்ப்பதில் பயன் குறைவு.

இரண்டு இடங்களில் நிறுத்தவேண்டும். புளிப்பு வைத்ததும் வீக்கம் கூடி, வலி தாங்காமல், வடியாமல் நின்றால் குழாய் முழுவதும் அடைத்திருக்கிறது, மேலும் ஊறவைப்பது வீண் வேதனை. காய்ச்சலும் சிவப்பும் இருந்தால் இனி வீட்டு வைத்தியத்தை நம்பி இருக்காதீர்கள். ஊசி, ஈர்க்கு, பல்குத்தி எதையும் குழாய் வாயில் விட்டுக் கிண்டவே வேண்டாம். சுண்ணாம்பும் மஞ்சளும் பத்துப் போடுவதால் உள்ளே உள்ள கல்லுக்கு ஒன்றும் ஆகாது, தோல்தான் வேகும்.

போன தடவை குடுத்த அதே அன்டிபயோட்டிக்ல ஒரு கார்ட் குடுங்க, போதும்.

டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்கமாட்டேன் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். கல்லால் வரும் வெறும் வீக்கத்தை அன்டிபயோட்டிக் கரைக்காது. வீக்கம் தானாக வடிந்திருக்கும், மாத்திரைக்குப் பேர் கிடைத்திருக்கும்.

கிருமி ஏறிவிட்டால் கதை வேறு. வீக்கம் சாப்பாட்டு நேரத்தோடு நிற்காமல் நாள் முழுக்க நிற்கும். தோல் சிவந்து சுடும், காய்ச்சல் வரும், வாயில் கெட்ட சுவை வரும், சுரப்பியை அழுத்தினால் குழாயின் வாயில் சீழ் எட்டிப் பார்க்கும். அப்போது அன்டிபயோட்டிக் கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் இது ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமியின் வேலை. வெறும் அமொக்சிசிலினுக்கு அது பலமுறை மசியாது. அதனால்தான் டொக்டர்மார் கோ-அமொக்சிக்லாவ் அல்லது ஃபுளூகுளொக்சசிலின் போன்றதை எழுதுகிறார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த நாள்வரை போடுங்கள்.

வலிக்குப் பெனடோல் போதும், வயது வந்தவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஐபுப்ரோஃபென் வீக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் குடற்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும், டெங்குவாக இருக்குமோ என்ற காய்ச்சலில் இருப்பவர்களும் தொடக்கூடாது.

யார்கிட்ட போறது? பல் டொக்டரா, காது மூக்கு தொண்டை டொக்டரா?

இருவரும் பார்ப்பார்கள். தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியிலோ தொடங்குங்கள். பல் கிளினிக்கும் நல்ல தொடக்கம்தான், ஏனென்றால் சொத்தைப் பல்லில் சீழ் கட்டினாலும் தாடை இப்படித்தான் வீங்கும். அங்கிருந்து கடிதம் தந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி என்று உங்கள் இடத்தைப் பொறுத்து மாறும். பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது, வாய், தாடை, முகம் சம்பந்தப்பட்ட சத்திரசிகிச்சைக்கு அங்கே நிபுணர்கள் உண்டு. அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை.

கண்டிக்குப் போனால் ஒரு நாள் பேர் (தோட்டத்து நாட்கூலி) போகும். அதனால் கடிதம், பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "வெள்ளை மாத்திரை ரெண்டு போடுறேன்" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. அப்ப கல்லு இல்லைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தாடையடிக் கற்கள் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் விழும், அதுவும் சின்னப் படத்தைப் பல்லுக்கிடையில் கடிக்கவைத்து எடுக்கும்போது நன்றாகத் தெரியும். கன்னச் சுரப்பிக் கற்களில் கணிசமானவை எக்ஸ்ரேக்குத் தெரியாது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் பொதுவாக முதலில் செய்வது. வலி இல்லை, கதிர் இல்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம். கல்லோடு சீழ்க்கட்டி, குழாய் விரிவு, வேறு கட்டி என்று எல்லாம் தெரியும். இரண்டு மில்லிமீற்றருக்கும் சிறிய கல் அதிலும் தப்பலாம். சந்தேகம் தீராவிட்டால் சீ.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் டொக்டர் ஒரு விரலை வாய்க்குள்ளும் மறு கையைத் தாடைக்குக் கீழும் வைத்து நெருடிப் பார்ப்பார். வாய்க்குப் பக்கத்தில் உள்ள கல் அந்த விரலுக்கே அகப்படும்.

கல்லை எப்படி எடுப்பாங்க? கழுத்தை வெட்டுவாங்களா?

கல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. குழாயின் முன்பகுதியில் இருந்தால் வாய் வழியே, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து எடுத்துவிடலாம். கல்லுக்குப் பின்னால் ஒரு தையல் போட்டுப் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கீறும்போது கல் வழுக்கிப் பின்னால் ஓடிவிடும். குழாயின் மேல் கீறி, கல்லை எடுத்து, கீறலைப் பெரும்பாலும் தைக்காமலே விடுவார்கள், உமிழ்நீர் அந்தப் புது வாய் வழியாக வரட்டும் என்று. பலர் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

மெல்லிய கமரா ஒன்றைக் குழாய்க்குள்ளேயே விட்டு, சின்னக் கூடையால் கல்லைப் பிடித்து இழுக்கும் முறையும் உண்டு. மூன்று நான்கு மில்லிமீற்றர்க் கற்களுக்கு அது ஏற்றது. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, கேட்டுப் பாருங்கள். சுரப்பிக்குள்ளேயே பெரிய கல் இருந்து, திரும்பத் திரும்பச் சீழ் வைத்து, சுரப்பி கெட்டுப்போயிருந்தால்தான் தாடைக்குக் கீழே கீறிச் சுரப்பியையே எடுக்கிறார்கள். சீழோடு இருக்கும்போது பொதுவாக இதைச் செய்வதில்லை, முதலில் மருந்தால் ஆறவைத்துவிட்டு நாள் குறிப்பார்கள். "ஒப்பரேஷன்னு சொன்னாங்க, மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க" என்று குறைப்படுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

சுரப்பியை எடுத்துட்டா வாய் காஞ்சுபோகாதா? முகம் கோணிரும்னும் சொல்றாங்க.

ஒரு சுரப்பி போனால் மற்ற ஐந்தும் சிறு சுரப்பிகளும் ஈடுகட்டும். பெரும்பாலானோருக்கு வித்தியாசமே தெரியாது.

முகம் பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறது. கீழுதட்டை இழுக்கும் நரம்பு தாடையடிச் சுரப்பிக்கு மேலாகத்தான் ஓடுகிறது, அதனால்தான் எலும்பிலிருந்து இரண்டு விரல் கீழே தள்ளிக் கீறுகிறார்கள். சிலருக்குச் சில வாரம் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் இறங்காமல் இருந்து, பிறகு சரியாகும். நிரந்தரமாவது குறைவு. நாக்கின் உணர்வுக்கும் அசைவுக்கும் உரிய நரம்புகளும் பக்கத்தில் உண்டு. கன்னச் சுரப்பியிலோ முகத்தை அசைக்கும் நரம்பே நடுவில் புகுந்து போகிறது, அதில் கை வைப்பது இன்னும் நுணுக்கமான வேலை. கையெழுத்துப் போடுமுன் இதையெல்லாம் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

அப்பாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. வயித்துப்போக்குல படுத்து எந்திரிச்சதும் காதுக்கு முன்னால சிவந்து வீங்கிருச்சு. கல்லா?

பெரும்பாலும் கல் இல்லை. வயதானவர்கள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஒப்பரேஷன் என்று சாப்பிடாமல், குடிக்காமல் கிடக்கும்போது உமிழ்நீர் வற்றிப்போய், வாயிலுள்ள கிருமி கன்னச் சுரப்பிக்கு ஏறிவிடும். நீரிழிவு இருந்தால் இன்னும் மோசம். இதை வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. சேலைனும் ஊசி மருந்தும் தேவைப்படலாம், சீழ் கட்டினால் வடிக்கவும் வேண்டிவரும்.

நாக்கு மேலே தள்ளப்படுவது, வாய் திறக்க முடியாமை, எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிடுவது, குரல் மாறுவது, மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும், எந்த வயதானாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வரும் வழியைச் சொல்ல, மெயின் ரோட்டில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

கல் இல்லைன்னு ஸ்கேன்லயும் சொல்லிட்டாங்க. ஆனா வீக்கம் வந்துகிட்டே இருக்கு.

பழைய அழற்சியால் குழாய் சுருங்கியிருக்கலாம். அப்போதும் சாப்பாட்டு நேரத்தில்தான் வீங்கும், தேசிக்காய்க் கேள்வியில் சொன்ன சூடும் தடவலும் இதற்கும் உதவும். வீங்குவது மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளை, அதுவும் கன்னத்தில், வருடத்தில் பல தடவை என்றால் சிறுவர்களுக்கு வரும் ஒரு வகை உண்டு. அது பெரும்பாலும் பருவ வயதில் தானாக விட்டுப்போகும்.

நடுத்தர வயதுப் பெண்ணுக்கு வாய் காய்கிறது, ரொட்டி தண்ணீரில்லாமல் இறங்குவதில்லை, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, மூட்டும் வலிக்கிறது என்றால் ஷோகிரென் என்ற நோய் இருக்கலாம், இரத்தப் பரிசோதனை செய்வார்கள். மாத்திரைகளையும் பாருங்கள். தடிமனுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) மாத்திரை, தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நீர் போக்கும் மாத்திரை எல்லாம் வாயைக் காயவைக்கும். நீங்களாக நிறுத்தவேண்டாம், கிளினிக்கில் சொல்லுங்கள். இரண்டு கன்னமும் வலியில்லாமல் உப்பியே இருந்தால் சாராயமும் நீரிழிவும் விசாரிக்கப்படும்.

எனக்கு வலியே இல்லைங்க, கட்டி மட்டும் இருக்கு. வலி இல்லாட்டி பயமில்லைதானே?

இங்கேதான் நம் ஆட்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். வந்து போகிற, வலிக்கிற வீக்கம் பெரும்பாலும் கல். வலிக்காமல், வடியாமல், மெல்ல வளர்கிற கட்டியைத்தான் சீக்கிரம் காட்டவேண்டும். கன்னச் சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவையே. தாடையடிச் சுரப்பியில் அந்த அளவுக்கு நிம்மதியாக இருக்க முடியாது, ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கக்கூடும். மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிச் சோதிப்பார்கள். ஊசி குத்தினால் புற்று பரவும் என்று பயந்து ஓடவேண்டாம். கட்டியோடு முகம் ஒரு பக்கம் தொய்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

தாடைக்குக் கீழே தட்டுப்படுவதெல்லாம் சுரப்பியும் அல்ல, நெறி கட்டியிருக்கலாம். பல் சொத்தை, தொண்டைப் புண், காசநோய், வெற்றிலை போடுபவருக்கு வாயில் ஆறாத புண் எல்லாவற்றுக்கும் நெறி கட்டும். மூன்று வாரம் தாண்டிய எந்தக் கட்டியையும், வாய்க்குள் மூன்று வாரம் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டிவிடுங்கள்.

சாப்பிடும்போது நறுக்குன்னு ஒண்ணு வாய்ல விழுந்துச்சு. மஞ்சளா, அரிசிக் குருணை அளவு. வீக்கமும் போயிருச்சு. இனி கிளினிக் வேணாம்தானே?

அதிர்ஷ்டம்தான். கல் தானாக வந்துவிட்டது. ஆனாலும் கிளினிக் திகதியை விடவேண்டாம். சிலருக்கு ஒன்றுக்கு மேல் கற்கள் இருக்கும், முன்னால் இருந்தது விழுந்ததும் பின்னால் இருப்பது நகர்ந்து வந்து அடைக்கும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். விழுந்த கல்லைத் தூக்கி எறியாமல் ஒரு மாத்திரை உறையில் போட்டுக் கொண்டுபோங்கள், டொக்டர் பார்த்தால் பல் துண்டா கல்லா என்று சொல்லிவிடுவார். குழாய் வாய் இரண்டு நாள் எரியும், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.